முப்பது மரங்களுக்கு வாரிசாவது எப்படி?

மேற்கு மாம்பலம் மாதிரியான பேட்டைகளில் இருக்கும் பெரியப்பாக்கள் உயிலைத் தெளிவாகத்தான் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். வீடு யாருக்கு, பாங்க் டெபாசிட் யாருக்கு, பெரியம்மாவின் ஒட்டியாணம் எந்த மருமகளுக்கு, எல்லாவற்றுக்கும் பேர் போட்டிருக்கும். மொட்டைமாடியில் சிமென்ட் பெஞ்சுகளின் மேல் வரிசைகட்டி நிற்கும் முப்பது போன்சாய் மரங்களுக்கு மட்டும் யார் பேரும் இருக்காது. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, வடை பாயசம் சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் சுவரில் சாய்ந்திருக்கும்போது யாராவது கேட்பார்கள்: "அது சரி, மாடில இருக்கறதை என்ன பண்றது?" உடனே எல்லோருக்கும் செல்போனில் ஏதோ அவசர வேலை வந்துவிடும். நிமிர்ந்து பார்த்த ஒரே ஆள் நீங்கள். அந்தக் கணத்திலிருந்து நீங்கள்தான் வாரிசு.

சண்டையில்லாமல் கைக்கு வந்த சொத்து என்று சந்தோஷப்படாதீர்கள். ஒட்டியாணத்தை லாக்கரில் வைத்துப் பத்து வருஷம் மறந்துபோகலாம். இந்தச் சொத்தை மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மறந்தால் திங்கட்கிழமை பாதிதான் இருக்கும்.

முதல் வாரத்திலேயே சொந்தக்காரர்கள் "ஞாபகார்த்தமா ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கொடுங்கள். எல்லோருடைய கையும் நீளுகிற இடம் பூத்திருக்கும் அடினியம்தான், அதையே கொடுக்கலாம். அடிபெருத்த தண்டுக்குள் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு, யாரும் கவனிக்காவிட்டாலும் பிழைத்துக் கிடக்கிற ஜாதி அது. அத்தை அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாள். அந்தப் பாசத்தை மட்டும் அதனால் தாங்கமுடியாது. ஒரு மாதத்தில் தண்டு அழுகிக் கொழகொழத்துவிடும். "அண்ணா கைராசி எனக்கு வரலை" என்று போன் வரும். ஆறுதல் சொல்லுங்கள், இன்னொன்று கொடுக்காதீர்கள்.

முதல் மாதம்: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

மாடி அறை அலமாரியில் பெரியப்பாவின் கருவிப்பெட்டி இருக்கும். கிளையை வெட்டினால் வெட்டிய இடம் குழிந்து, ஆறும்போது தழும்பு தெரியாமல் மூடிக்கொள்ளும்படி செய்கிற ஜப்பான் கட்டர், விதவிதமான கத்தரிகள், அலுமினியக் கம்பிச் சுருள்கள், வேர் கோதும் முள். எடுத்துப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறுகிறவர்கள்தான் இந்த ஊரில் அதிகம் மரம் கொன்றவர்கள். பெட்டியைப் பூட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பெண்டாட்டியாக இருந்தால் உத்தமம். அவளுக்கு இந்த மரங்களைப் பிடிக்காது, அதனால் உங்களுக்காக இரக்கப்பட மாட்டாள்.

அலமாரியில் நீங்கள் தேடவேண்டியது வேறு. ஏதாவது பழைய டைரி ஒன்று இருக்கும். அதில் பால்கணக்கு, பி.பி. அளவு, டெலிபோன் பில் தேதிகளுக்கு நடுவே "இச்சி 4, கம்பி எடுத்தாச்சு", "புளி பெரிசு, மண் மாத்தணும், அடுத்த வருஷம்" என்று கிறுக்கியிருக்கும். உயிலைவிட முக்கியமான தஸ்தாவேஜு இது. எந்த மரத்துக்கு எந்த வருஷம் வேர் வெட்டினார், எதற்கு வெட்டப்போவதாக இருந்தார் என்பது வேறு எங்கேயும் எழுதியிருக்காது. மரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க உங்களுக்குப் பத்து வருஷம் ஆகும். கூடவே அவர் செல்போனையும் பாருங்கள். பேருக்கு முன்னால் 'போன்சாய்' என்று பட்டம் கட்டிய நாலைந்து எண்கள் இருக்கும். அவர்களில் ஒருவர் பெரியப்பாவோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவராக இருப்பார். அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லா மரத்தையும், நாலு பக்கத்திலிருந்தும், போட்டோ எடுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர்

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊத்தணும்?" இந்தக் கேள்விக்கு விஷயம் தெரிந்தவர்கள் யாரும் எண்ணிக்கையில் பதில் சொல்ல மாட்டார்கள். "காஞ்சா ஊத்துங்க" என்பார்கள். காய்ந்ததா என்று எப்படித் தெரியும் என்றால், "பழகப் பழகத் தெரியும்" என்பார்கள். இது ஆணவம் இல்லை, உண்மையிலேயே அவ்வளவுதான் விஷயம். ஆனால் பழகுவதற்குள் மரம் போய்விடுமே, அதனால் இதைச் செய்யுங்கள்.

குச்சி ஐஸ் சாப்பிடுங்கள். குச்சியைக் கழுவித் தொட்டியின் ஓரமாக மண்ணில் சொருகுங்கள். போன்சாய் தொட்டி ஆழமில்லாதது, விரல் நீளத்துக்குத்தான் மண் இருக்கும். கால்மணி நேரம் கழித்து உருவினால் எதுவரை ஈரம் என்பதைக் குச்சியின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். நுனி மட்டும் கறுத்திருந்தால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் கறுத்திருந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போங்கள். கொஞ்ச நாளில் குச்சி தேவைப்படாது. சின்னத் தொட்டியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கினாலே கனத்தில் தெரிந்துவிடும்.

ஊற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் மேல்மண் கறுத்து, பார்க்க நன்றாக நனைந்த மாதிரி இருக்கும். வேர் இருக்கும் இடத்தில் புழுதி பறக்கும். பூவாளியால் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரு சுற்று ஊற்றுங்கள். கடைசித் தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் தொட்டி குடித்திருக்கும். திரும்ப வந்து இரண்டாவது சுற்று. அடி ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகினால்தான் ஊற்றியதாகக் கணக்கு. மண் இறுகிப்போன தொட்டியில் இந்தக் கணக்கும் பொய்க்கும்: தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் ஓரமாக வழிந்து ஓட்டை வழியாக வெளியேறி, வேலை முடிந்துவிட்டது என்று உங்களை நம்பவைக்கும். அப்படிப்பட்டதைத் தூக்கி ஒரு டப் தண்ணீரில் விளிம்பு முங்க இறக்குங்கள். மண்ணிலிருந்து குபுகுபுவென்று குமிழி கிளம்பும். குமிழி நிற்கும்வரை அங்கேயே நிற்கலாம், போன் பார்க்கலாம், பெரியப்பாவைத் திட்டலாம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு இலை தொங்குகிறதே என்று பதறி ஹோஸ் பைப்பைத் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் சுருண்டு கிடந்த பைப்பில் முதலில் வருவது வெந்நீர். கையில் பிடித்துப் பாருங்கள், காப்பி போடலாம். மாடித் தொட்டித் தண்ணீரும் மத்தியானத்தில் அதே கதைதான். அக்கினி நட்சத்திரத்தில் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மேலே பச்சை வலை, தொட்டி மாடித் தளத்தைத் தொடாமல் பெஞ்சு மேல். இவ்வளவும் பெரியப்பா ஏற்கெனவே செய்துவைத்திருப்பார். மாடியில் துணி காய இடமில்லை என்று சொல்லி வலையை அவிழ்த்த புண்ணியவான் யார் என்று மட்டும் கண்டுபிடியுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவானால் தொட்டி விளிம்பிலும் அடிமரத்திலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது வயதின் அழகு என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிடாதீர்கள், உப்பு. மழைத் தண்ணீரைப் பிடித்து அவ்வப்போது நிறைய ஊற்றிக் கழுவிவிட்டால் மண்ணில் தங்கியது இறங்கும். ஐப்பசி பிறந்ததும் பிரச்சினை தலைகீழாகும். விடாமல் பெய்கிற அடைமழையில் தொட்டியில் தண்ணீர் நின்று வேர் அழுகும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பக்கம் ஓட்டுத் துண்டோ அரைச் செங்கல்லோ முட்டுக்கொடுத்துச் சாய்த்துவையுங்கள், தண்ணீர் தானாக வடியும். புயல் என்று சொன்னால் அத்தனையையும் பெஞ்சிலிருந்து இறக்கிக் கைப்பிடிச் சுவரோரம் வையுங்கள். தொட்டிகளின் கீழே தட்டு வைக்காதீர்கள். கொசு ஒழிக்கும் கார்ப்பரேஷன் ஆட்கள் மாடி ஏறினால் முதலில் பார்ப்பது தட்டில் நிற்கிற தண்ணீரைத்தான்.

ஊருக்குப் போகவேண்டிவந்தால்? வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அவர் சமதர்மவாதி. அடினியத்துக்கு ஒரு மக், ஆலுக்கு ஒரு மக், புளிக்கு ஒரு மக், காலிச் சட்டிக்கும் ஒரு மக். மரம் வேறு கைக்குப் போனால் தண்ணீர்க் கவலை எல்லோருக்கும் உண்டு. 2019 ஜனவரியில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைதாமாவில் ஒரு தோட்டத்திலிருந்து ஏழு மரங்கள் களவுபோயின. அதில் ஒன்று 400 வயதுள்ள ஷிம்பாகு ஜூனிபர். தோட்டக்காரரின் மனைவி முகநூலில் எழுதியது போலீசுக்கு அல்ல, திருடனுக்கு: எடுத்துப்போனவர்கள் தயவுசெய்து தண்ணீராவது ஒழுங்காக ஊற்றுங்கள் என்று. உலகத்திலேயே மிக நேர்மையான போன்சாய் வழிகாட்டி அதுதான் என்பது என் அபிப்பிராயம். வாட்ச்மேனுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

யார் யார் என்று தெரிந்துகொள்ளுதல்

இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா? பெரும்பாலும் ஆல், அரசு, இச்சி வகையறா. உங்களிடம் இருக்கும் முப்பதில் பாதி இதுதான், ஏனென்றால் சென்னை வெயிலுக்கும் ஆரம்பகாலப் பெரியப்பாவுக்கும் ஈடுகொடுத்துத் தப்பியது இந்த வகையறா ஒன்றே. பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். அடினியத்தின் பாலோ விஷம். அதன் பூர்வீகமான ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். குட்டிக் குட்டியாக வட்ட இலை, அதைக் கிள்ளினால் சதைப்பற்று என்றால் நர்சரிக்காரர்கள் 'ஜேட்' என்று விற்கிற செடி. தென்னாப்பிரிக்காவில் யானை விரும்பித் தின்பது. கிளை ஒடிந்தாலும் மண்ணில் குத்தினால் வேர் பிடிக்கும், ஆகவே ஆரம்பக்காரருக்குத் தன்னம்பிக்கை தரும். முள்ளும் காகிதப் பூவுமாக இருப்பது போகன்வில்லா. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

இருட்டியதும் இலையெல்லாம் இரண்டிரண்டாக மூடித் தொங்கிவிடுகிற மரம் ஒன்று இருக்கும். முதல் நாள் மாலை அதைப் பார்த்துவிட்டு, செத்துவிட்டது என்று அண்ணனுக்குப் போன் செய்யாதீர்கள். அது புளி, தூங்குகிறது. காலையில் எழுந்துகொள்ளும்.

சேகரிப்பின் உண்மையான ரத்தினங்கள் கண்ணில் படாத மூலையில் இருக்கும். உலக்கைப்பாலை, பிராயன், குருவிச்சி என்று நம் பக்கத்துப் புதர்க்காட்டு ஜாதிகள். ஏரிக்கரையிலும் கோயில்காட்டிலும் ஆடு மேய்ந்து மேய்ந்து, ஏற்கெனவே குள்ளமாகித் திருகிக் கிடந்ததைப் பெரியப்பா வேரோடு கொண்டுவந்திருப்பார். ஆடு செய்த வேலைக்கு அவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவே. இந்தக் குருவிச்சியைத்தான் மேல்நாட்டுக் கடைகளில் 'ஃபூக்கியன் டீ' என்று சீனப் பேர் சூட்டி, மேஜைமேல் வைக்கும் போன்சாயாக விற்கிறார்கள். சொந்தக்காரர்கள் யாரும் இதை ஞாபகார்த்தமாகக் கேட்க மாட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

ஒரே ஒரு ஜூனிபரும் இருக்கலாம். பெங்களூருக்கோ ஊட்டிக்கோ போனபோது ஆசைப்பட்டு வாங்கிவந்தது. பச்சையாக, கம்பீரமாக நிற்கும். அது எப்போதோ செத்துப்போயிருக்கலாம். ஜூனிபர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கிற மரம். பழுப்பு நிறம் வந்து நமக்குத் தெரிவதற்குள் அதற்கு மாசிகமே வந்துவிடும். நீங்கள் பொறுப்பேற்ற மூன்றாம் வாரம் அது பழுத்தால் உங்கள்மேல் பழி விழும். எனவே முதல் நாளே, சாட்சிகள் முன்னிலையில், எல்லா மரங்களின் அடிமரத்திலும் நகத்தால் ஒரு புள்ளி கீறிப் பாருங்கள். தோலுக்கடியில் ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பென்றால் முடிந்தது. போட்டோ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எப்படிக் கொல்லலாம்

இதற்குப் பல வழிகள் இருந்தாலும் அனுபவத்தில் நிரூபணமானவை சில.

முதலாவது, ஹாலுக்குக் கொண்டுவருவது. டீப்பாய் மேல் வைத்து, ஏ.சி. போட்டு, நல்ல வெளிச்சம் என்று டியூப்லைட்டைக் காட்டுவது. போன்சாய் என்பது தொட்டியில் இருக்கும் மரம். மரத்துக்கு வெயில் வேண்டும். மாடியில் முப்பது வருஷம் நின்றதைக் கீழே கொண்டுவந்த பத்து நாளில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிரும். உதிர்வதைப் பார்த்து நீங்கள் தண்ணீரை அதிகமாக்குவீர்கள். இலையே இல்லாத மரத்துக்குத் தண்ணீர் தேவை குறைவு என்பதால், பட்டினியில் தொடங்கியது வேர் அழுகலில் சுபமாக முடியும். விருந்தாளி வந்தால் இரண்டு நாள் கீழே வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் விருந்தாளியையும் மரத்தையும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, பாவம் என்று பெரிய தொட்டிக்கு மாற்றி, தோட்ட மண்ணைக் கொட்டுவது. ஆழமில்லாத தொட்டியில் களிமண் சிமென்டாகிவிடும், வேருக்கு மூச்சு முட்டும். பெரியப்பாவின் கலவையில் சலித்த செங்கல் துண்டும் பருமணலும்தான் அதிகம், செம்மண்ணும் மட்கிய சாணமும் கொஞ்சம். தண்ணீர் நிற்காமல் இறங்குவதற்காகப் பாடுபட்டுச் செய்த ஏற்பாடு அது. ஜப்பானில் இதே வேலைக்கு அகடாமா என்ற சுட்ட செங்கல் நிற எரிமலை மண் உருண்டைகள். நமக்கு உடைந்த செங்கல் போதும், அதைச் சலித்துத் தூசியை எறிகிற பொறுமைதான் வேண்டும். இச்சி வகைகளுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, வளருகிற பருவத்தில், வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண் போடவேண்டியிருக்கும். அதை முதல் வருஷம் நீங்கள் செய்யக்கூடாது. பக்கத்தில் நின்று தொட்டியைப் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கம்பி. கிளையை வளைக்கப் பெரியப்பா அலுமினியக் கம்பி சுற்றிவைத்திருப்பார். நம் ஊர் வெயிலில் இச்சி வேகமாகப் பருக்கும். சில வாரம் கவனிக்காவிட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்து, திருகாணி மாதிரித் தழும்பு விழுந்துவிடும், பல வருஷத்துக்கு மாறாது. முதல் மாதத்தில் நீங்கள் மரத்தில் கைவைத்துச் செய்யக்கூடிய ஒரே வேலை இந்தக் கம்பியை எடுப்பதுதான். ஆனால் கம்பியை வீணாக்கக்கூடாது என்று சுற்றியதைப் பிரித்து எடுக்க முயன்றால் கிளை உங்கள் கையோடு வரும். கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக வெட்டி, துண்டு துண்டாக உதிர்க்கவேண்டும். துண்டுகளை மாடியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், காக்கை கூடு கட்ட எடுத்துக்கொண்டுபோகும். ட்ரான்ஸ்பார்மர் வெடித்தால் அதற்கும் நீங்கள்தான் காரணம்.

எறும்பு வரிசையாக அடிமரத்தில் ஏறினால் சீனி தேடிப் போகவில்லை. மேலே எங்கோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது, அது விடுகிற தேனுக்காக எறும்பு காவல் காக்கிறது. கரப்பான் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்பு, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது இன்னும் நல்லது. தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பஞ்சு ரோஜா நிறத்தில் நசுங்கும். ரசிக்கமுடியாதுதான், ஆனால் திருப்தியாக இருக்கும்.

உரம்

கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், நன்றாக நீர்த்து. மேல்வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.

கருத்து சொல்பவர்கள்

மரங்களைவிட இவர்களுக்குப் பராமரிப்பு அதிகம். முதலில் வருபவர் வாஸ்து பார்க்கிற சித்தப்பா. "வளர்ச்சி தடைப்பட்ட மரம் வீட்ல இருந்தா குடும்ப வளர்ச்சியும் தடைப்படும்." பெரியப்பாவின் இரண்டு பிள்ளைகளும் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டினால், "அதான் சொல்றேன், இங்க யாரும் தங்கலை பாரு" என்பார். இவரிடம் வாதம் வேண்டாம். அடினியம் ஒன்று கொடுக்கலாம்.

அடுத்தது எதிர்வீட்டுக் குழந்தை. "பாவம் அங்கிள், ஏன் வளரவிடாம கட்டிப்போட்டிருக்கீங்க?" இதற்குப் பதில் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் கேள்வி நியாயமானது. இவை குட்டையாகப் பிறந்த மரங்கள் அல்ல. சாலையோர ஆலின் விதைதான், அதே ரத்தம். வேரையும் நுனியையும் மாறி மாறிக் கத்தரித்து அளவைப் பிடித்துவைத்திருக்கிறது, சோறு போடாமல் அல்ல. பட்டினி போட்ட மரம் போன்சாய் ஆகாது, விறகாகும். வெயில், தண்ணீர், உரம், புது மண் என்று தெருவோர மரம் எதற்கும் கிடைக்காத கவனிப்பில் வளர்ந்த மரம் இது. குழந்தை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆனாலும் பாவம்" என்று சொல்லும். அதற்குமேல் எனக்கும் பதில் தெரியாது.

குழந்தையைவிட ஆபத்தானவர் உங்கள் மச்சினர். அவர் சொற்களில் நிற்க மாட்டார், செயல்வீரர். "எல்லாத்தையும் கோயில் தோட்டத்துல நட்டுடலாம், விடுதலை" என்பார். நட்டால் வளரும், சந்தேகமில்லை. சில வருஷத்தில் மற்றெந்த இச்சி மரத்தையும் போல ஆகி, வேர் காம்பவுண்டு சுவரைப் பிளக்கும், கார்ப்பரேஷன் வந்து வெட்டும். முப்பது வருஷம் கத்தரித்ததும் முப்பது நாளில் தெரியாமல் போகும். விடுதலைதான், யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு.

அபார்ட்மென்டாக இருந்தால் அசோசியேஷன். மாடியில் பாரம், சீலிங்கில் கசிவு, நிறைந்த அமாவாசையில் அரசமரம் பேச்சு. இவர்களுக்கு ஓமியா கதையைச் சொல்லிப் பார்க்கலாம். 1923 காண்டோ நிலநடுக்கத்தில் டோக்கியோ நாசமானபோது, அங்கிருந்த போன்சாய்க்காரர்கள் சிலர் வடக்கே போய் 1925-ல் ஓமியாவில் ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். அங்கே குடியேற நிபந்தனைகள்: குறைந்தது பத்து போன்சாயாவது வைத்திருக்கவேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்கவேண்டும், கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும், மாடி கட்டக்கூடாது. உங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி இதில் கடைசி நிபந்தனையை மட்டும் கேட்டுக்கொண்டு, "பாத்தீங்களா, அவங்களே மாடில வைக்கலை" என்பார்.

கைமாற்றுவது

வைத்துக்கொள்வது எத்தனை என்று முதலில் முடிவுசெய்யுங்கள். முப்பதும் வேண்டும் என்பது துக்கம் பேசுகிற பேச்சு, ஆறு மாதத்தில் ஆறிவிடும். முப்பது மரம் என்பது ஓய்வுபெற்ற ஒரு மனுஷனின் காலை நேரம் முழுக்க. வேலைக்குப் போகிறவரால் ஐந்துக்கு மேல் முடியாது. அந்த ஐந்தில் இச்சி இரண்டு, ஜேட் ஒன்று, தூங்குகிற புளி ஒன்று, எது பிடித்திருக்கிறதோ அது ஒன்று. விலை உயர்ந்ததை வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு உங்களைவிடத் தகுதியான கை வேண்டும்.

குடும்பச் சொத்தை வெளியே கொடுப்பதா என்று மனசு அடித்துக்கொள்கிறவர்களுக்கு ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்தைச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொட்டியில் வளர்த்த வெண்பைன், 1625-லிருந்து பழக்கப்பட்டுவருவது. 1976-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டுக்காக ஜப்பான் கொடுத்த 53 போன்சாய்களில் ஒன்றாக மசாரு யமாகி அதைக் கொடுத்தார். வாஷிங்டனின் தேசிய மரத்தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அது வயதான மரம் என்பது மட்டும்தான் தெரியும். 2001-ல் பேரன்கள் இருவர் வந்து பார்த்தபோது சொன்னார்கள்: அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் இருந்த வீட்டில், சுவர் மறைவில் நின்று தப்பிய மரம் அது. குண்டு போட்ட தேசத்துக்கே கொடுத்துவிட்டு, அதைப்பற்றி வாயே திறக்காமல் இருந்திருக்கிறார் அந்த மனுஷர். நீங்கள் அசோக்நகருக்குக் கொடுப்பதற்கு இவ்வளவு யோசிக்கவேண்டியதில்லை.

யாருக்குக் கொடுப்பது? நர்சரிக்காரரைக் கூப்பிட்டால் மரத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்ப்பார், மொத்தத்துக்கு ஒரு விலை சொல்வார். அந்த விலையில் ஒரு தொட்டிதான் வரும் என்பது அவருக்குத் தெரியும். கொடுப்பதற்கு முன் காலியாக இருக்கும் தொட்டிகளைத் திருப்பி அடியைப் பாருங்கள். சின்னதாக முத்திரை குத்தியிருந்தால் ஜப்பானின் டோகோநாமேயிலிருந்து வந்த மண்பாண்டமாக இருக்கலாம், மரத்தைவிட விலை போகும். அதில் பெரியம்மா கோலப்பொடி போட்டுவைத்திருப்பார்.

கம்பெனி ரிசப்ஷனுக்கு நன்கொடை கொடுக்காதீர்கள். ஏ.சி.யும் காண்டிராக்ட் தோட்டக்காரரும் சேர்ந்தால் மூன்று மாதம்தான். இன்டீரியர் டிசைனர்கள் வந்தால் கதவைச் சாத்துங்கள்.

கடைசியில் வந்துசேரவேண்டிய இடம் பெரியப்பாவின் போனில் இருந்த அந்த நாலைந்து எண்கள். அவர்களை ஒரே நாளில், ஒரே நேரத்தில் அழையுங்கள். தனித்தனியாக வந்தால் ஒவ்வொருவரும் முதல் வரிசையில் சிறந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பார்த்து "இதெல்லாம் சும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்றாக வந்தால் ஒருவர் இன்னொருவரைக் கண்காணிப்பார். நல்லதை எடுக்கிறவர் கூடவே இரண்டு சுமாரானதையும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மரத்தோடும் டைரிக் குறிப்பின் நகலைக் கொடுங்கள். முதல் நாளே நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மண் ஆடாதபடி சணல் கயிற்றால் தொட்டியோடு கட்டி, வண்டித் தரையில் படுக்கவிடாமல் நிறுத்தி அனுப்புங்கள். ஜன்னல் திறந்த காரில் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போனால் ஈஞ்சம்பாக்கம் போவதற்குள் காற்றே பாதி இலையைக் காயவைத்துவிடும்.

நல்லதிலும் நல்லதை, அந்த உலக்கைப்பாலையை, பேச்சுவார்த்தை இல்லாதவருக்குக் கொடுங்கள். கேட்டால் வர மாட்டேன் என்பார், முதல் ஆளாக வந்து நிற்பார். மரத்தைச் சுற்றி வந்து, "இந்தக் கிளையை வெட்டியிருக்கணும், அன்னிக்கே சொன்னேன், கேக்கலை" என்பார். சண்டையே அந்தக் கிளையைப் பற்றியதுதான் என்று அப்போது தெரியும். எடுத்துக்கொண்டு போய்ப் பத்தாம் நாள் வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவார். இலை ஒன்றுகூட இருக்காது, அந்தக் கிளையும் இருக்காது. பதறிப் போன் செய்வீர்கள். "இலையை உருவிவிட்டிருக்கேன் தம்பி, புதுசு சின்னதா வரும், பயப்படாதே" என்பார். கிளையைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிக்னல் சரியில்லாமல் போய்விடும்.